அறிக்கையில் ஒரு வரி: டயாலிசிஸ் நோயாளரின் இரத்தப் புரதமும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும்

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோருக்கு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அறிக்கை கைக்கு வந்தவுடன் பெரும்பாலான குடும்பத்தினர் தேடுவது கிரியாட்டினின் எண்ணை, அடுத்து ஹீமோகுளோபினை. சற்றுக் கீழே ‘சீரம் அல்புமின்’ என்றொரு வரி இருக்கும். அதைப் பற்றி எங்களிடம் கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் சிறுநீரகவியல் பிரிவில் நாங்கள் அந்த அறிக்கையைப் பார்க்கும்போது, உடனடி ஆபத்தைக் காட்டக்கூடிய பொட்டாசியத்தைப் பார்த்து முடித்ததும் எங்கள் கண் செல்லும் இடம் அந்த வரிதான்.

இதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டயாலிசிஸ் பெற்றுவந்த 12,000க்கும் மேற்பட்டோரின் பரிசோதனை முடிவுகள் ஒன்றுசேர்த்து ஆராயப்பட்டன. ஆய்வக எண்களுள் உயிரிழப்பு அபாயத்தோடு மிக வலுவான தொடர்புடையது அல்புமின் என்று அப்போது தெரியவந்தது. கிரியாட்டினின் கூட அந்த அளவுக்கு முன்னறிவிப்புத் தரவில்லை. (டயாலிசிஸ் தொடங்கிய பின் கிரியாட்டினின் மிகவும் குறைந்திருப்பது எப்போதும் நற்செய்தியன்று, தசை வற்றியவர்களுக்கும் அது குறையும்.) இதைப் படித்து அச்சங்கொள்ள வேண்டாம். அல்புமின் குறைவு என்பது தானே ஒரு நோயன்று. உடலுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்பதைத் தங்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்புமின் என்பது கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ள புரதங்களுள் பாதிக்கும் மேற்பட்டது இதுவே. நலமாக உள்ளவரின் கல்லீரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை அல்புமினை உருவாக்குகிறது. இரத்தத்தில் இதன் இயல்பான அளவு ஒரு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம். டயாலிசிஸ் நோயாளருக்கு 4 கிராம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நீரை இரத்தக் குழாய்களுக்குள் பிடித்து வைப்பதும், மருந்துகளையும் கொழுப்பு அமிலங்களையும் சுமந்து செல்வதும் இதன் பணிகள் என்று பாடநூல்கள் கூறும். அதிகம் பேசப்படாத மூன்றாவது பணி ஒன்று உண்டு. நம் கட்டுரைக்கு முக்கியமானது அதுதான்.

வாழைக்காயை நறுக்கியவுடன் நீரில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுக் கறுத்துவிடும். இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்ஸிஜனின் வேலையே. நாம் உயிர்வாழ ஆக்ஸிஜன் இன்றியமையாதது. ஆயினும் அதைப் பயன்படுத்தும்போது, கட்டுக்கடங்காத சில வேதிப்பொருள்கள் துணைவிளைவாகத் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்கிச் சிதைக்கும். இவற்றை அடக்கி வைக்கும் காவல் ஏற்பாடுகளும் நம் உடலில் உள்ளன. தாக்குவோர் பெருகி, காப்போர் குறைந்துபோகும் நிலையையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

இரத்தத்தில் இந்தக் காவல் பணியின் பெரும்பகுதியைச் செய்வது அல்புமின். அதன் நீண்ட சங்கிலியில் 585 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 34ஆவது இடத்தில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் அமிலம் இருக்கிறது. சங்கிலியிலுள்ள மற்ற 34 சிஸ்டீன்களும் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்க, இது ஒன்று மட்டும் கை நீட்டியபடி தனித்து நிற்கிறது. தாக்க வரும் வேதிப்பொருளை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு, இரத்தக் குழாயின் சுவருக்கு நேர வேண்டிய சேதத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு அடிபட்ட அல்புமின் பழையபடி மருந்துகளையும் நச்சுகளையும் சுமக்க இயலாமல் தளர்கிறது. நலமானவரின் இரத்தத்தில் பெரும்பாலான அல்புமின் அடிபடாத நிலையில் இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் அடிபட்ட பங்கு கூடிவிடுகிறது.

ஆக, அறிக்கையில் உள்ள எண் அல்புமினின் அளவை மட்டுமே சொல்கிறது; அதன் தரத்தைச் சொல்வதில்லை. தரத்தை அளக்கும் பரிசோதனைகள் ஆராய்ச்சிக்கூடங்களில் உண்டு. அவற்றின் முடிவைக் கொண்டு சிகிச்சையை மாற்ற இன்று வழியில்லையாதலால், எங்கேனும் கட்டணம் செலுத்தி அவற்றைச் செய்துகொள்ளுமாறு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டயாலிசிஸ் நோயாளருக்கு மட்டும் இந்த அழுத்தம் ஏன் மிகுகிறது? முதற்காரணம் சிறுநீரகச் செயலிழப்பே. வெளியேறாமல் தேங்கும் கழிவுகள் வெள்ளணுக்களை ஓயாமல் சீண்டுகின்றன. சீண்டப்பட்ட வெள்ளணு, கிருமியைக் கொல்லத் தான் வைத்திருக்கும் ஆயுதங்களைத் தேவையின்றி வெளியே விடுகிறது. அவற்றுள் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். பிளீச்சிங் பவுடரை நீரில் கரைத்தால் கிருமிகளைக் கொல்வது எதுவோ, அதுவேதான். கிருமி இருக்கும் இடத்தில் அது மருந்து. கிருமி இல்லாத இரத்தத்தில் அது அல்புமினையே வெளுக்கிறது. 1996இல் பாரிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு சிதைந்து ஒட்டிக்கொண்ட புரதங்களைச் சிறுநீரக நோயாளரின் இரத்தத்தில் அடையாளங்கண்டு அளந்தனர். சிதைந்த புரதங்கள் வெறும் குப்பையாக ஒதுங்கிக் கிடப்பதில்லை; அவையும் வெள்ளணுக்களைத் தூண்டும். தீயில் விழுந்த சருகே தீயை வளர்ப்பது போன்றது இது.

அடுத்தது டயாலிசிஸ். இதை மறைக்காமல் சொல்வதே முறை: உயிர்காக்கும் அச்சிகிச்சையே இந்த அழுத்தத்தில் ஒரு பங்கையும் தருகிறது. இரத்தம் செயற்கை வடிகட்டியைத் தொடும்போது வெள்ளணுக்கள் விழித்துக்கொள்கின்றன. முன்காலத்துச் செல்லுலோஸ் வடிகட்டிகளில் இது மிகக் கடுமையாக இருந்தது. இப்போதைய செயற்கை இழை வடிகட்டிகளில் வெகுவாகக் குறைந்துள்ளது. நீரில் கரையும் வைட்டமின் சி போன்ற காவல் பொருள்களும், ஒவ்வோர் அமர்விலும் சில கிராம் அமினோ அமிலங்களும், கழிவுகளோடு சேர்ந்து வெளியேறிவிடுகின்றன. 4 மணி நேர அமர்வு ஒன்றில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர் வடிகட்டியின் மறுபுறம் பாய்கிறது. அந்நீரில் குளோரினோ குளோரமினோ தங்கியிருந்தால் சிவப்பணுக்களே சிதையும். நுண்ணுயிர் நச்சு கலந்திருந்தால் அழற்சி எழும். டயாலிசிஸ் பிரிவின் பின்புறம் உள்ள நீர்ச் சுத்திகரிப்பு அறைக்கு நாங்கள் அவ்வளவு முக்கியத்துவம் தருவதும், இயந்திரங்களை இயக்குமுன் குளோரின் பரிசோதனை செய்து குறிப்பேட்டில் எழுதுவதும் இதனால்தான். அந்தக் குறிப்பேட்டைக் காட்டுமாறு தாங்கள் கேட்கலாம். கேட்பதில் தவறேதும் இல்லை.

இதைக் கண்டு, டயாலிசிஸைக் குறைத்துக்கொண்டால் நல்லதோ என்று எண்ணிவிடக்கூடாது. ஓர் அமர்வு முடிந்தவுடன் அளந்தால், அடிபட்ட அல்புமினின் பங்கு தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கழிவுகள் நீங்குவதால் கிடைக்கும் நன்மை, வடிகட்டியால் வரும் தீமையைவிடப் பெரிது. பேருந்துக்கு நேரமாயிற்று என்று அரை மணி முன்னதாகவே இறங்கிவிடுவோர் இழப்பது இந்த நன்மையைத்தான்.

இனி, எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். ஆக்ஸிஜனேற்றம்தான் தொல்லை என்றால், ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடாதா? கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமும் அவ்வாறே நம்பியது. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலில், இதய நோயும் உடைய 196 டயாலிசிஸ் நோயாளரிடம் செய்த ஆய்வில், வைட்டமின் இ பெற்றவர்களுக்கு இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் மொத்த உயிரிழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. 2014இல் அமெரிக்காவில் 353 பேரிடம், வைட்டமின் இ வகைகளோடு ஆல்பா லிப்போயிக் அமிலத்தையும் சேர்த்து 6 மாதம் கொடுத்துப் பார்த்தனர். அழற்சியைக் காட்டும் எண்களிலோ, ஆக்ஸிஜனேற்றத்தைக் காட்டும் எண்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே, இன்றைய நிலையில் இத்தகைய மாத்திரைகளை எல்லா டயாலிசிஸ் நோயாளருக்கும் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே எங்கள் முடிவு.

பலன் இல்லை என்பதோடு இது நிற்பதுமில்லை. வைட்டமின் சி மாத்திரையை மிகுதியாக உட்கொண்டால் அது உடலில் ஆக்ஸலேட்டாக மாறும். நலமானவருக்கு அது சிறுநீரில் போய்விடும். தங்களுக்குப் போக வழியில்லை. இதயத்திலும் எலும்பிலும் இரத்தக் குழாய்களிலும் படியும். எங்கள் மருந்துச் சீட்டில் உள்ள சிறிய அளவு வைட்டமின் மாத்திரை, டயாலிசிஸில் இழப்பதை ஈடுசெய்யவே தரப்படுகிறது. அதற்கு மேல் வேண்டாம். ‘ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் நோனிச் சாற்றில் பொட்டாசியம் மிகுதி. அதே புகழோடு பழக்கடைகளில் ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கப்படும் நட்சத்திரப் பழத்தில், சிறுநீரகம் செயலிழந்தவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது. விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை அது கொண்டு சென்றதுண்டு. ஒரு துண்டும் கூடாது. உறவினர் அன்போடு வாங்கி வந்தாலும் கூடாது.

இரும்பு ஊசியைப் பற்றியும் ஒரு சொல். கட்டற்ற இரும்பு ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் என்பது வேதியியல் உண்மை. அதைப் படித்துவிட்டு இரும்பு ஊசி வேண்டாம் என்று மறுப்போர் உண்டு. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளரிடம் நடந்து, 2018இல் முடிவு வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. வரம்புக்கு உட்பட்டு, முன்கூட்டியே தாராளமாக இரும்பு பெற்றவர்களுக்கு உயிரிழப்பும் இதயப் பாதிப்பும் சேர்த்துப் பார்க்கையில் குறைவாகவே இருந்தன, தொற்றும் கூடவில்லை. தாளில் சரியாகத் தோன்றும் அச்சம் நோயாளரிடம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபெரிட்டின் அளவைப் பார்த்தே நாங்கள் ஊசியைத் தருகிறோம்.

மாத்திரை இல்லையென்றால் வேறு என்ன செய்வது? தீ எங்கே எரிகிறது என்று தேடுவதுதான் வழி. உடலில் எங்கேனும் அழற்சி நிலவினால், கல்லீரல் தன் உழைப்பைத் திசைதிருப்பிவிடும். அல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களை உற்பத்தி செய்யத் தொடங்கும். அப்போது எவ்வளவு உண்டாலும் அல்புமின் ஏறாது. எனவே அல்புமின் குறைந்தால், சாப்பிடவில்லையா என்று கேட்டு நோயாளரைக் கடிந்துகொள்ளுமுன், சி.ஆர்.பி. பரிசோதனை ஒன்றை நாங்கள் எழுதுகிறோம். அது உயர்ந்திருந்தால் தேடல் தொடங்குகிறது.

கழுத்தில் உள்ள கதீட்டர் முதல் ஐயத்துக்குரியது. கையில் பிஸ்டுலா அமைக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். தோலைத் துளைத்து நிற்கும் குழாயைவிட, தோலுக்கு அடியில் உள்ள சொந்த இரத்தக்குழாய் பாதுகாப்பானது. முன்பு பயன்பட்டு அடைத்துப்போன செயற்கைக் குழாய் கையிலேயே இருந்தால் அதிலும் கிருமி சத்தமின்றி ஒளிந்திருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில், உணர்ச்சி இல்லாததால் தெரியாமலே புண் இருக்கும். விரலிடுக்குகளை வீட்டில் உள்ளவர் நாள்தோறும் பார்ப்பது நல்லது.

பல் ஈறு பெரும்பாலும் மறக்கப்படும் இடம். பல் துலக்கும்போது இரத்தம் வருவதைச் சூடு என்று ஒதுக்கிவிடுகிறோம். நாட்பட்ட ஈறு நோய் நாளெல்லாம் இரத்தத்தில் அழற்சியை ஊட்டிக்கொண்டிருக்கும். பல் மருத்துவரிடம் செல்லும்போது தாங்கள் டயாலிசிஸ் நோயாளர் என்பதையும், டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் தரப்படுகிறது என்பதையும் முதலிலேயே கூறுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில் செல்லுங்கள். புகையிலை பற்றி விரிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பீடியும் ஆக்ஸிஜனேற்றத்தின் மீது ஊற்றும் எண்ணெய்.

அழற்சி இல்லை, சி.ஆர்.பி. இயல்பாக இருக்கிறது, ஆயினும் அல்புமின் குறைவு என்றால், அப்போது உணவைப் பற்றிப் பேசுகிறோம். இங்கே எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அது குடும்பத்தினர் மீதன்று, இரண்டு அறிவுரைகளுக்கு இடையே உள்ள இடைவெளி மீது. டயாலிசிஸுக்கு முன், சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து அந்த விதி தலைகீழாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஆனால் முதலில் கேட்ட பத்தியமே வீட்டில் நிலைத்துவிடுகிறது. காலையில் 3 இட்லி, பகலிலும் இரவிலும் சிறிது ரசம் சோறு, இரண்டு வேளை காபி, கொஞ்சம் மோர் என்று உண்பவருக்குக் கிடைப்பது 30 கிராமைச் சற்றே தாண்டும். தேவையில் பாதிதான். பத்தியத்தைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கும் வீடுகளில்தான் இது நேர்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

முட்டை வெள்ளைக்கரு எங்கள் முதல் பரிந்துரை. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம். பாஸ்பரஸ் மிகச் சொற்பம். 100 கிராம் மீனிலோ கோழியிறைச்சியிலோ 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கருவாடு வேண்டாம், அதன் உப்பு தாகத்தையும் நீரையும் கூட்டும். சைவ உணவு உண்போருக்குப் பருப்பு, பயறு, பனீர், தயிர். பருப்பை முற்றிலும் தவிர்க்கத் தேவையில்லை. நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் வேகவைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். பாஸ்பேட் மாத்திரையை உணவோடு சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் பயன். புரட்டாசியில் அசைவம் விடும் வழக்கம் உள்ளவர்கள் அம்மாதம் தொடங்குமுன் எங்கள் உணவியல் நிபுணரிடம் ஒருமுறை பேசுங்கள். விரதம் இருக்கலாம்; முட்டையும் மீனும் விட்ட இடத்தில் எது நிற்கப்போகிறது என்பதே கேள்வி. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரதப் பவுடர்களில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சேர்க்கப்பட்டிருக்கலாம். டப்பாவை எங்களிடம் காட்டிய பின் திறவுங்கள்.

அல்புமின் குறைவு என்றவுடன் அல்புமின் பாட்டில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நகை அடகு வைத்தாவது வாங்கித் தருகிறோம் என்பார்கள். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் அல்புமின் இருக்கிறது. உடல் முழுவதும் உள்ள அல்புமினோ ஏறத்தாழ 300 கிராம். ஏற்றியதில் பெரும்பகுதி இரத்தக் குழாயைவிட்டு வெளியே பரவிவிடும். மறுநாள் அறிக்கையில் எண் சற்று அழகாகத் தெரியலாம்; அழற்சியும் குறையாது, தசையும் வளராது. டயாலிசிஸின்போது இரத்த அழுத்தம் வீழ்ச்சியடைதல் போன்ற சில சூழல்களில் நாங்களே அதைத் தருவதுண்டு. ஊட்டமாக அது பயன்படாது. அந்தப் பணத்துக்குப் பல மாதங்கள் முட்டை வாங்கலாம்.

எண்ணைப் படிப்பதிலும் சிறிது கவனம் வேண்டும். மாதப் பரிசோதனைக்கு இரத்தம், டயாலிசிஸ் தொடங்குமுன் எடுக்கப்படுகிறது. அன்று உடலில் 3, 4 கிலோ நீர் கூடுதலாக இருந்தால் இரத்தம் நீர்த்து, அல்புமின் குறைவாகத் தெரியும். இரத்தத்தில் அமிலம் மிகுந்திருந்தாலும் புரதம் கரையும். பைகார்பனேட் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர் வெளியேற்றும் திரவத்தில் நாள்தோறும் 5 கிராமுக்கு மேல் புரதம் போய்விடுவதால் அவர்களுக்குத் தேவை இன்னும் கூடுதல். அல்புமின் மூலக்கூறுகளில் பாதி மறைந்து புதியவை வர ஏறத்தாழ 3 வாரம் ஆகும். இன்று உணவை மாற்றினால் அடுத்த மாத அறிக்கையில் பாதிப் பலனே தெரியும். அதற்கு அடுத்த மாதம்தான் முழுமையாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே ஒரு மாத எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். கடந்த 3 மாத அறிக்கைகளை ஒரே உறையில் வைத்து, அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள். அவற்றோடு, ஏதேனும் 2 நாள்களில் உண்டதை உள்ளபடி எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று டயாலிசிஸ் நாளாகவும் மற்றொன்று வீட்டில் இருந்த நாளாகவும் இருக்க வேண்டும்.